மருந்து பூசிய விதை

மலைச்சரிவில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. விளைச்சல் குறைந்ததும் அடுத்த சரிவுக்கு மாறி, காடு எரித்து விதைத்தவர்கள், அதற்குத் தடை வந்தபின் நாலாவது வருடமாக இதே மண்ணைக் கொத்துகிறார்கள். சாம்பலும் ஓய்வும் கிடைக்காத மண் வெளிறிக் கிடக்கிறது. புருஷன் குழி போட்டுக்கொண்டே முன்னே போக, கையில் பாலிதீன் பையைச் சுற்றிய மனைவி கூடையிலிருந்து பூச்சிமருந்து பூசிய மக்காச்சோள விதையை ஒவ்வொன்றாகப் போடுகிறாள். ரோஸ் நிற விதை. நெடி மூக்கை அரிக்கிறது. பின்னால் ஒரு புறா வந்து இறங்குகிறது. அவள் கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுகிறாள். “போனா போகுது, விடு. எப்பவும் அதுங்களுக்கும் சேர்த்துத்தானே தூவுவோம்?” என்கிறான் அவன். “விதைக்காக இல்லைங்க,” அவளுக்கு மூச்சு வாங்குகிறது. “இதைத் தின்னா அது செத்துடும்.” புறா எழும்பி, விதைத்து முடித்த வரிசையின் மறுகோடியில் போய் இறங்குகிறது.