நெல் கிடங்கில் ஒரு வீடு

திருவெள்ளறையில் வயலையொட்டி நின்ற பழைய நெல் கிடங்கை வீடாக மாற்ற, தேசிக் ஓர் ஆர்க்கிடெக்டை அழைத்து வந்திருந்தான். அவள் பெயர் மாலினி. ஸ்ரீரங்கத்திலிருந்து கூடவே வந்த அவன் அம்மா குமுதவல்லி, பிளானைப் பிரித்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இந்த மண் சுவரை இடிக்கப் போறதில்லையா?"

"வேண்டாம் மாமி. சுவர் இவ்வளவு கனமா இருக்கறதாலதான் வெயில் உள்ளே இறங்கலை. ஏ.சி.யே தேவைப்படாது."

"சமையலறை இத்துனூண்டு இருக்கே?"

"ரெண்டு பேருக்கு இது தாராளம் மாமி."

"சொல்றது சுலபம். அக்னி நட்சத்திரத்துல ஒரு நாள் இங்க இருந்து பாரு, தெரியும்."

"ஒரு நாள் என்ன, ஆயுசுக்கும் இருப்பேன்!" என்றாள் மாலினி ரோஷமாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேசிக் அவசரமாகக் கூரையைப் பார்த்தான்.

குமுதவல்லி சிரித்துவிட்டாள்.

"ஏண்டா அசடு, ஆர்க்கிடெக்ட் வரான்னு மட்டும்தானே சொன்னே? மாட்டுப்பொண்ணும் அவளேதான்னு சொல்ல இவ்வளவு பயமா? எனக்குத் தெரியாதாக்கும்!"

பிறகு மாலினியின் பக்கம் திரும்பினாள்.

"சமையலறையை உன் இஷ்டப்படியே கட்டிக்கோம்மா. உங்கப்பா நம்பரை மட்டும் எனக்குக் குடு."