இரவல் தோல்

யாரோ பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தாள்.

ஆடு.

வைக்கோல் என்று நினைத்துப் பின்னலின் நுனியை அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் செம்மறிகள், மூச்சும் கதகதப்புமாக. விமானம் ஏறி விடுமுறைக்குப் போனவள் ஆட்டுக்கொட்டிலில் கண்விழித்தாள் என்றால் ஊரில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

விடிவதற்கு முன்பே குழந்தை படுக்கையில் இல்லை. பதறியடித்துத் தேடி வந்தால், இங்கே ஒரு செம்மறியின் வயிற்றில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அறையில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் படுக்காத குழந்தை. தூக்க மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே அசந்துவிட்டாள்.

இப்போது குழந்தை எழுந்து, மூலையிலிருந்த மரத்தடுப்பைப் பிடித்தபடி நின்றது.

தடுப்புக்குள் குட்டியைப் பறிகொடுத்த ஓர் ஆடு. அதனோடு, தாயைப் பறிகொடுத்த ஒரு குட்டி. குட்டி மடியைத் தேடிப் போகும்; ஆடு முட்டித் தள்ளும். விழும், எழும், மறுபடி போகும்.

குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் பெரியவர்தானே, ஏதாவது செய்யுங்களேன் என்கிற பார்வை.

தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்தாள். ஆட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, குட்டியை மடியருகே தள்ளினாள். ஆடு அவளையும் சேர்த்து ஒரு முட்டு முட்டியது. புழுக்கையில் போய் விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரம்மா வந்தாள். பின்னாலேயே இவளுடைய கணவன், தூக்கக் கலக்கத்தோடு.

பண்ணைக்காரம்மாவின் கையில் ஈரமாக ஒரு தோல். சட்டை மாட்டுவதுபோல் அதைக் குட்டிக்கு மாட்டிவிட்டாள். ஆடு மோந்தது. வாலடியில் மோந்தது, முதுகில் மோந்தது. தொண்டைக்குள் ஏதோ முனகியது. பிறகு அசையாமல் நின்று பால் கொடுத்தது.

பண்ணைக்காரம்மா தன் பாஷையில் சொன்ன விளக்கம் அவனுக்குத்தான் புரிந்தது. "செத்த குட்டியோட தோலாம். அந்த வாசனையில தன்னோடதுன்னு நம்பிடுமாம். ரெண்டு மூணு நாள்ல பழகிட்டா, தோலை எடுத்துடலாமாம்."

சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலின் கூரையைப் பார்த்தான். குளிருக்கு இதைப் போட்டுக்கோ என்று, அவள் இப்போது போட்டிருந்த ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவன்தான்.

குட்டி வயிறு நிறையக் குடித்து முடிக்கும்வரை குழந்தை கண்கொட்டாமல் நின்றது. பிறகு வந்து, தானாகவே அவள் கையைப் பிடித்தது. அசைந்தால் விட்டுவிடுமோ என்று அப்படியே இருந்தாள்.

குழந்தை அவள் ஸ்வெட்டரின் கையில் முகத்தைப் புதைத்து, ஆழமாக மோந்தது. இன்னொரு தடவை மோந்தது.

"சித்தி, இதுல அம்மா வாசனையே போயிடுச்சு."

அக்காவின் ஸ்வெட்டரைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே இருப்பதா என்று தெரியாமல் அவள் ஆடுகளுக்கு நடுவே நின்றாள்.