ஈரத்துக்குக் கத்தும் பெட்டி

அடுப்படியில் பெட்டி அலறியதும் ஞானதுரை போடி பஜார் கடையை அப்படியே விட்டு, பின்கட்டு வீட்டுக்குள் ஓடினார். கேஸ் கசிந்தால் கத்துவதற்காக, கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. கடைக்கு வந்திருந்த ரேடியோ மெக்கானிக் சீனிச்சாமியும் கூடவே போய்ப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆவி ஈரம் பட்டாலும் கேஸ்னு நெனச்சுக் கத்தும். அக்கா உலைப்பானைய நேர் கீழ வச்சிருக்காக. தள்ளி மாட்டிரவா?"

"வேண்டாம் தம்பி, அங்கனயே இருக்கட்டும்" என்றாள் ஞானதுரையின் மனைவி ஞானபாக்கியம் அவசரமாக.

கல்யாணமான புதிதில் ஞானதுரை ஏதாவது சாக்குச் சொல்லி, பகலில் பலமுறை உள்ளே வந்து போவார். கடை பெருகியபின் சாப்பாடே கடைக்குப் போனது. பெட்டி கத்த ஆரம்பித்த பிறகுதான் மறுபடி வருகிறார். வந்தால் ஒரு காப்பி, கொஞ்சம் பேச்சு.

இன்றும் காப்பி குடித்துவிட்டே கிளம்பினார்கள். வெளியே வந்ததும் சீனிச்சாமி மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, அங்கன சிலிண்டரையே காணமே?"

"அது தீந்து ஒரு மாசமாச்சு. புதுசு இன்னும் வரல. சீமெண்ணெ ஸ்டவ்வுலதான் சமையல்."

"பெறகு எதுக்கு இப்பிடி ஓடியாறீக?"

ஞானதுரை சிரித்தார்.

"அவ கூப்பிடுறால்ல!"