துர்க்காவின் மாட்டிறைச்சிக் கறி

கனடாவின் மார்க்கம் நகர மாதா கோயில் உணவு விழாவில், மாட்டிறைச்சிக் கறிக்குப் பேர்போன அன்ரனெற் தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, ஸ்ரௌவ்வில் ஊர் மாட்டுப்பண்ணைக்காரர் போட்ட கறிக்கடையில் நீண்ட வரிசை; பரிமாறிய துர்க்காவுக்குத் தலை நிமிர நேரமில்லை.

அந்த வரிசையில் அன்ரனெற்றின் கணவன் றெமிஜியஸும் நின்றான். கொஞ்ச நாளாகச் சனிக்கிழமைகளில் எங்கோ போய்க் கறி வாசத்தோடு திரும்பி, சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிடுகிறவன்.

அன்ரனெற்றுக்கு வயிறு எரிந்தது. நேரே போய் ஒரு தட்டு வாங்கி வாயில் வைத்தாள். எங்கேயோ பழகிய ருசி.

“நல்லாக் கிடக்கு. ஆரிட்டைப் பழகினனீர்?”

“ஐயோ அக்கா, நான் பண்ணையில கணக்குப் பாக்கிற ஆள். தமிழ் ஆள் எண்டு கறியையும் என்ர தலையில கட்டிப்போட்டினம். நாங்கள் சைவக்காரர், மாட்டிறைச்சி வாயிலயும் வைக்கிறேல்லை.”

“அப்ப உப்பு, உறைப்பு ஆர் பாத்தது?”

துர்க்கா சிரித்தபடி றெமிஜியஸைக் காட்டினாள்.

“உங்கட அவர்தான். சனிக்கிழமையில பண்ணைக்கு வந்து பாத்துச் சொன்னவர். லேசில விடமாட்டார் அக்கா. ‘அன்ரனெற்றின்ர கறிக்குக் கிட்டவும் வரேல்லை. அவளை மாதிரி ஒருத்தரும் காய்ச்சேலாது’ எண்டு சொல்லிச் சொல்லியே திருப்பிக் காய்ச்ச வைச்சவர்.”

அன்ரனெற் கணவனைப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கறிக்குப் ‘பரவாயில்லை’ என்பதற்குமேல் வாய் திறக்காத மனிசன்.

வயிறு இப்போதுதான் உண்மையாகவே எரிந்தது. வரிசை போனால் போகட்டும். அவன் வாயால் அந்தப் பாராட்டை முதலில் கேட்டவள் துர்க்காவல்லவா!