நொடிக்கு முப்பத்தொரு மீட்டர்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியே இறங்கி, மயக்கத்தில் கிடக்கும் எலியின் வெள்ளை முதுகில் விழுகிறது. எழில்மதி அதன் இடுப்பருகே ஓர் ஊசியும் கணுக்காலில் ஓர் ஊசியும் செருகிப் பொத்தானை அழுத்துகிறாள். கால்விரல்கள் வெடுக்கென்று துடிக்கின்றன. திரையில் பச்சைக் கோடு எழும்பி அடங்குகிறது. நரம்பின் வேகம் நொடிக்கு முப்பத்தொரு மீட்டர். சர்க்கரை நோய் வரவழைத்து, கல்வராயன் மலை வேர்ப்பொடியை மூன்று மாதம் ஊட்டிய கடைசி எலி இது. பொடியே காணாத நோயாளி எலிகளுக்கும் இதே வேகம்தான். ஆனால் ஆய்வை வழிநடத்தும் பிரவீன்குமார் சார் மேசைமேல் வைத்திருக்கும் கட்டுரையில், அவள் பெயர் போட்டு, நோயில்லாத எலிகளுக்குரிய வேகமான நாற்பத்து நான்கு என்று அச்சாகியிருக்கிறது. "சார், இது நான் எடுத்த அளவு இல்லீங்களே?" அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிக்கிறார். "போன மாசமே அனுப்பியாச்சும்மா. எலிக்கு இன்னா தெரியும்?" அவள் வராண்டாவுக்கு ஓடி வந்து, மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் அம்மாவை அழைக்கிறாள். "எம்மா, சாரு குடுத்த வேர்ப்பொடியக் கீழ கொட்டிடு. பழைய சக்கர மாத்திரையப் போடு." மறுமுனையில் கரும்பு டிராக்டர் ஒன்று கடந்துபோகும் சத்தத்துக்கு மேல் செல்லியம்மாள் குரலை உயர்த்துகிறாள். "மாத்திரையப் பொடி வந்த அன்னிக்கே நிறுத்திட்டனே. காலு முன்னவிட மரத்துப்போச்சு, ஆனா உங்கிட்ட சொல்லல. நீயே அளந்து பாத்த மருந்தாச்சேன்னு துன்னுக்கினு இருக்கேன்டி."