விற்பதற்கு முன் ஒரு தூக்கம்

வீட்டுத் தரகர்கள் விற்கப்போகும் வீட்டில் ஒருமுறை தூங்கி எழ வேண்டும், கண்ட கனவை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அரசு விதி. தரகர் பிலோமினா மதியம் தூங்கி எழுந்தபோது, வாங்க வந்த தம்பதி கூடத்தில் காத்திருந்தார்கள்.

"மாடியில ஒரு அம்மா நின்னாங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

வீட்டுக்காரர் மாசிலாமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி போன வருடம்தான் இறந்திருந்தாள்.

"ஏதாவது சொன்னாளாம்மா?"

சொன்னால் வியாபாரம் கெடும். மறைத்தால் உரிமம் போகும். அவர் முகத்தைப் பார்த்ததும் பிலோமினாவுக்கு இரண்டுமே மறந்துபோயின.

"மழை வருது, துணியை எடுங்கன்னாங்க சார்."

அவர் மெல்ல மாடியேறினார். கொடியில் துணி எதுவும் இல்லை. தூறல் விழத் தொடங்கியது. நனைந்தபடி அங்கேயே நின்றார்.

"வேற வீடு காட்டுங்கம்மா," என்றாள் வாங்க வந்தவள், தாழ்ந்த குரலில். "இதுல அவங்க இருக்கட்டும்."