தாய் வேஷம்

‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்றுதான் இவரும் தொடங்கப்போகிறார்.’ மலேசியாவின் பத்தாங் காலி ரப்பர்த் தோட்டப் பள்ளி வாசலில் விறைப்பாக வந்து நின்ற தோட்டத்துக் கங்காணி வீராசாமி மண்டோரைப் பார்த்ததும் தவமணி டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நாடகத்துல எம் மவனுக்குத் தாய் வேஷமாமே. மாத்திருங்க லா.”

“ஏன், ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாதா?”

“யாரு சொன்னா? ஒத்திகையில அவன் அழுததப் பாத்து லயத்து வீட்டுச் சனமே அழுதிருச்சு. அதான் வம்பாப் போச்சு.”

“அதுல என்ன வம்பு?”

மண்டோர் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த மாசி காமன் கூத்துல, மன்மதன் எரிஞ்சதும் அழுவாளே ரதி, அந்த வேஷத்த இவனுக்கே குடுக்கணுமாம். வருசா வருசம் மீசைய எடுத்துட்டு அழுதது நானுங்க, டீச்சர்!”

தவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“வேஷத்த மாத்தமாட்டேன், மண்டோர்,” என்றாள் மெதுவாக. “அவன் நல்லா அழட்டும்.”